காரைக்குடி இணைப்புக்குச் சிங்கப்பூர் விலாசம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர், முன்பதிவுத் தளத்தில் தன் விடுதியின் வாடகை எப்படித் தெரிகிறது என்று திறந்து பார்த்தார். சிங்கப்பூர் டாலரில் தெரிந்தது. அதே ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை, வெளிநாட்டிலிருந்து நுழைவதாகச் சொல்லி வங்கியின் தளம் வெளியே நிறுத்தியது. பள்ளத்தூரில் ஒரு வீட்டில் கிரிக்கெட் பார்க்க ஓடிடியைத் திறந்தால், இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது என்று வந்தது. மூன்று வீட்டுக்கும் இணைப்பு கொடுத்திருப்பது காரைக்குடியைச் சேர்ந்த ஒரு சிறிய நிறுவனம். கேபிள் டிவி தொழிலில் இருந்து ஃபைபருக்கு வந்தவர்கள். அவர்களுக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். மற்ற ஊர்களில் இதே தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடுதிக்காரர் ஃபோனில் கோபப்படவில்லை, கேலி செய்தார். “தம்பி, எங்க ஐயா கொண்டுவிக்கப் போனப்ப கப்பலேறித்தான் சிங்கப்பூர் போனாக. நீங்க உக்காந்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுட்டீகளே!”

பெட்டி மேல் விழுந்த பழி

புகார்கள் மொத்தமாக வரவில்லை. ஒருவருக்கு வங்கி, இன்னொருவருக்குப் படம், வேறொருவருக்குத் தேடல் பக்கம். இவற்றை ஒரே கோளாறாக யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் பெண் புகார் நோட்டில் தேதி, நேரம், வீட்டு எண் எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். பல வரிகளின் ஓரத்தில் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன், சரியாகிவிட்டது’ என்று இருந்தது. அதைப் பார்த்த களப் பையன்கள், ஃபைபரை வீட்டுக்குள் இணைக்கும் ஓஎன்யூ பெட்டியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, சில வீடுகளில் பெட்டியையே மாற்றிவிட்டு வந்தார்கள். மாற்றியதும் சரியானது. கொஞ்ச நாளில் அதே புகார் திரும்பவும் வந்தது.

பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யும்போது வேறொன்றும் மாறுகிறது: அந்த வீட்டுக்கு வெளியுலகில் தெரியும் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்த இணைப்பை அடையாளம் காட்டும் எண்.

பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி பிரித்துத் தரும் ஏப்நிக், 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் ரேஷன்தான். 2019 பிப்ரவரி முதல் புதிதாக வருபவருக்கு அதிகபட்சம் 512 முகவரிகள். இந்தியாவில் அதை நிக்ஸியின் கீழ் இயங்கும் ஐரின் பதிவகம் வழியாகவும் பெறலாம். எங்கள் நிறுவனத்திடம் அப்படி வாங்கிய 512 இருந்தது. வாடிக்கையாளர்கள் கூடக் கூட அது போதவில்லை. தரகர் ஒருவர் மூலமாக இன்னும் 256 முகவரிகளை, அதாவது ஒரு /24 தொகுதியை, வாடகைக்கு எடுத்தார்கள். சொந்தக்காரர் சிங்கப்பூர் நிறுவனம்.

இத்தனை முகவரிகளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பு கொடுக்க முடிவது, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் சிஜிநாட் இருப்பதால். ஒரு பொது முகவரியில் 65,536 போர்ட்டுகள், அதாவது இணைப்புகளைப் பிரித்தறியும் உள் எண்கள், உண்டு. முதல் 1,024-ஐ ஒதுக்கிவிட்டு மீதியை வீட்டுக்கு 2,016 வீதம் பிரித்தால் 32 வீடுகள் ஒரே முகவரியில் அடங்கும். வீட்டுப் பெட்டிக்குக் கிடைப்பது 100.64 என்று தொடங்கும் உள் முகவரி. சேவை நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தவென்றே 2012-ல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. இணைப்பு அறுந்து மீண்டும் சேரும்போது மொத்தம் 768 பொது முகவரிகளில் ஏதோ ஒன்று விழும். அதில் மூன்றில் ஒரு பங்கு வாடகை முகவரி. ஆகவே, எந்தப் பெட்டியை மாற்றினாலும் மூன்றில் இரண்டு தடவை நல்ல முகவரி விழுந்து, மாற்றிய பையனுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும்.

நோட்டில் இருந்த நேரங்களை எடுத்து சிஜிநாட் பதிவுகளோடு வைத்துப் பார்த்தோம். எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் எந்தப் பொது முகவரி போனது என்பது அதில் இருக்கும். இருப்பிடம் பற்றிய புகார்கள் அத்தனையும் வாடகைத் தொகுதியில்தான் விழுந்திருந்தன. அந்த நோட்டு இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பெட்டிகளை மாற்றியிருப்பார்களோ தெரியாது.

ஓடிடி புகாரில் ஒரு கூடுதல் சிக்கலும் இருந்தது. வீடுகளுக்கு ஐபிவி4-ஓடு சேர்த்துக் கொடுத்த, புதிய வகையான ஐபிவி6 முகவரிகள் எங்கள் சொந்தப் பதிவு. அவை இந்தியா என்றே தெரிந்தன. ஐபிவி4 சிங்கப்பூர் என்றது. ஒரே வீடு, ஒரே நொடியில் இரண்டு நாட்டில் இருப்பதாகத் தெரிந்தால் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று அந்தத் தளம் சந்தேகப்படுவதில் ஆச்சரியமில்லை.

ஊரை யார் சொல்கிறார்கள்

ஐபி முகவரிக்குள் ஊர்ப்பெயர் எதுவும் பொதிந்து கிடப்பதில்லை. எஸ்டிடி கோடு மாதிரி 04565 என்றால் காரைக்குடி என்று சொல்லிவிட வழியில்லை. வெளியில் இருக்கும் நிறுவனங்கள் ஊகித்து எழுதி வைத்துக்கொள்வதுதான் இருப்பிடத் தகவல். மேக்ஸ்மைண்ட், ஐபி2லொக்கேஷன், ஐபிஇன்ஃபோ, டிபி-ஐபி, டிஜிட்டல் எலிமென்ட் என்று இதை விற்பவர்கள் பலர். கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் சொந்தமாகவே ஒன்று வைத்திருக்கின்றன. வங்கியும் முன்பதிவுத் தளமும் பெரும்பாலும் இவர்களிடமோ, இவர்களிடம் வாங்கிய பாதுகாப்பு நிறுவனத்திடமோ வாங்கியவை. எல்லோருக்கும் பொதுவான ஒரு தலைமைப் பதிவேடு கிடையாது. ‘எங்கே போய்ச் சொன்னால் ஒரேயடியாகச் சரியாகும்?’ என்று நிறுவனத்தார் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஓர் இடம் இல்லை என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ளத்தான் நாளானது.

ஊகம் எதிலிருந்து வருகிறது? முதலில் பதிவகத்தின் ஹூயிஸ் விவரம், அதாவது முகவரி யாருடையது என்று சொல்லும் பொதுப் பதிவு. அதில் நாடு என்று ஒரு வரி இருக்கும். அது சொந்தக்காரரின் தலைமையிடமா, முகவரி புழங்கும் இடமா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். எங்கள் வாடகைத் தொகுதியில் சிங்கப்பூர் என்று இருந்தது. அடுத்தது, எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் தலைகீழ் டிஎன்எஸ்ஸில் முகவரிக்கு வைத்திருக்கும் பெயர். விமான நிலையக் குறியீடு அதில் இருந்தால் மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் தொகுதியில், முன்பு வாடகைக்கு இருந்தவர் வைத்துவிட்டுப் போன பெயர்கள் அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றிலும் சிங்கப்பூர் விமான நிலையத்தின் எஸ்ஐஎன். இவை போக, தகவல் போய்வரும் நேரத்தை அளப்பவர்கள் உண்டு. பயனர்களின் கைபேசி சொல்லும் இருப்பிடத்தைத் திரட்டிப் பார்ப்பவர்களும் உண்டு.

நேரத்தை அளக்கும் முறை நமக்கு நல்ல ஆயுதம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்புவதைக் கணக்கிட்டால் 1 மில்லிசெகண்டுக்கு 100 கிலோமீட்டர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் 2,900 கிலோமீட்டர். அப்படியானால் சென்னை சர்வர் ஒன்றிலிருந்து பிங் செய்தால், அதாவது ஒரு சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்தால், 29 மில்லிசெகண்டுக்குக் கீழே பதில் வர வழியே இல்லை. வாடகைத் தொகுதியில் ஒரு முகவரியை எங்கள் ரவுட்டருக்கே கொடுத்து, சென்னையிலிருந்து பிங் செய்தோம். பதில் 10 மில்லிசெகண்டுக்குள் வந்தது. முகவரி காரைக்குடியில் இருக்கிறது என்று இது நிரூபிக்காது. சிங்கப்பூரில் இல்லை என்று நிரூபிக்கும். எங்களுக்கு அது போதும். பிற்பாடு எழுதிய எல்லாத் திருத்த விண்ணப்பத்திலும் இந்த முடிவை ஒட்டி வைத்தோம்.

வேலை நடந்த வரிசை

முதலில் செய்தது திருத்தமே அல்ல, வலிக்கு மருந்து. வாடகைத் தொகுதியை வீட்டு இணைப்புகளிலிருந்து எடுத்துவிட்டு, சொந்த முகவரி ஒன்றில் இன்னும் கூடுதலாக வீடுகளை அடைத்தோம். போர்ட்டுகள் நெருக்கடியாகும், இரவு எட்டு மணிக்குமேல் சில வீடுகளில் பக்கம் திறக்கத் தாமதமாகும். இருந்தாலும் வங்கிக்குள் நுழைய முடியாமல் இருப்பதற்கு அது தேவலை. விடுதிக்கு மட்டும் சொந்தத் தொகுதியிலிருந்து நிலையான முகவரி ஒன்று. வாடகைத் தொகுதியை அலுவலகம், நாங்கள் வேலை பார்க்கும் வீடுகள் என்று விவரம் தெரிந்தவர்களிடம் மட்டும் வைத்துக்கொண்டோம்.

அடுத்து பதிவகம். இங்கேதான் வாடகைக்காரனின் நிலைமை புரியும். ஹூயிஸை மாற்றும் சாவி சொந்தக்காரரிடம். அவர் தன் பெரிய தொகுதிக்குக் கீழே எங்கள் /24-க்கு மட்டும் தனிப் பதிவு போட்டு, நாடு இந்தியா என்று எழுத வேண்டும். அந்தப் பதிவில் எங்கள் ஜியோஃபீட் கோப்பின் (அது என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) இணைய முகவரியையும் சேர்க்க வேண்டும். தலைகீழ் டிஎன்எஸ்ஸை எங்கள் சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும். மாதம் பிறந்தால் வாடகைக்கு பில் அனுப்பத் தவறாதவர்கள், இதற்குப் பதில் போட நேரமெடுத்துக்கொண்டார்கள். தரகர் நல்லவர், விடாமல் நச்சரித்துச் செய்து வாங்கினார்.

ஜியோஃபீட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவகாரத்தில் நம் கையில் முழுதாக இருப்பது அது ஒன்றுதான். முகவரி வைத்திருப்பவரே ‘என் முகவரிகள் இந்த இந்த ஊரில் இருக்கின்றன’ என்று பொதுவில் வெளியிடும் எளிய கோப்பு அது. வடிவத்தை ஆர்எஃப்சி 8805 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் 2020 ஆகஸ்டில் வரையறுத்தது. ஒரு தொகுதிக்கு ஒரு வரி. காற்புள்ளியால் பிரித்து முகவரித் தொகுதி, நாட்டுக் குறியீடு, மாநிலக் குறியீடு, ஊர் என்று எழுதி, எச்டிடிபிஎஸ் முகவரியில் வைத்துவிட்டால் போதும். கடைசியில் அஞ்சல் குறியீட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 630001 என்று எழுதக் கை நீளும், எழுத வேண்டாம். தனி மனிதர்களை மிக நெருக்கமாகக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அந்த இடத்தை நிரப்ப வேண்டாம் என்று ஆவணமே சொல்கிறது.

கோப்பு இருப்பதை மற்றவர் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் பதிவகத்தில் அந்த வரி. 2021-ல் வந்த ஆர்எஃப்சி 9092 இதற்கு வழிசெய்தது. 2024-ல் ஆர்எஃப்சி 9632 அதன் இடத்துக்கு வந்தது. பதிவில் ஜியோஃபீட் என்று தனிப் புலம் இருந்தால் அதில் எழுதலாம், இல்லாவிட்டால் குறிப்பு வரியில் எழுதலாம். முக்கியமான ஒரு நிபந்தனையும் உண்டு. எந்தப் பதிவிலிருந்து கோப்புக்கு வழி காட்டுகிறதோ, அந்தப் பதிவுக்குள் அடங்கும் முகவரிகளை மட்டும்தான் படிப்பவர் ஏற்க வேண்டும். அடுத்தவன் முகவரிக்கு நான் ஊர் எழுத முடியாது.

எழுதும்போது சறுக்கும் இடங்கள் சில. மாநிலத்துக்கு டிஎன் என்று மட்டும் எழுதக் கூடாது, ஐஎன்-டிஎன் என்று முழுதாக வர வேண்டும். எக்செல்லில் திறந்து சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொண்டு, முதல் வரியைச் சிலர் படிக்காமல் விடலாம். ஐபிவி6 தொகுதியையும் சேர்த்து எழுத வேண்டும். காரைக்குடியை ஆங்கிலத்தில் ஒற்றை ‘கே’ போட்டும் எழுதுவார்கள், இரட்டை போட்டும் எழுதுவார்கள். முதலில் இருப்பிட டேட்டாபேஸ்களில் தேடிப் பார்த்து, அவற்றில் உள்ள எழுத்தையே வைத்தோம்.

தேவகோட்டை வாடிக்கையாளருக்குத் தேவகோட்டை என்று காட்ட முடியாதா என்று நிறுவனத்தில் கேட்டார்கள். முடியாது. சிஜிநாட் பெட்டி காரைக்குடியில் இருக்கிறது. ஒரே முகவரியில் தேவகோட்டைக்காரரும் புதுவயல்காரரும் திருமயம் பக்கத்தவரும் கலந்திருப்பார்கள். நாடும் மாநிலமும் சரியாக இருந்தால் வங்கிக்கும் ஓடிடிக்கும் வேலை முடிந்தது. ஊர் மட்டத்தில் துல்லியம் கேட்டு மல்லுக்கு நிற்பது நேரத்துக்குக் கேடு என்பது என் எண்ணம்.

தலைகீழ் டிஎன்எஸ் கைக்கு வந்ததும் பழைய பெயர்களை அழித்தோம். ரயில்வே குறியீடான கேகேடிஐ வைக்கலாம் என்றார்கள் பையன்கள். ஊர்க்காரனுக்குப் புரியும், விமான நிலையக் குறியீடு தேடும் மென்பொருளுக்கு என்ன புரியும்? காரைக்குடி, தமிழ்நாடு, இந்தியா மூன்றும் வருகிற மாதிரி நீளமாகவே வைத்தோம்.

இவ்வளவும் முடித்த பிறகுதான் திருத்தப் படிவங்கள். வரிசையை மாற்றி முதலிலேயே படிவம் நிரப்பினால், சரிபார்க்க வருகிறவர் ஹூயிஸில் சிங்கப்பூர் என்று பார்த்துவிட்டு நம் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார். தகவல் விற்பவர்கள் பெரும்பாலும் தங்கள் தளத்திலேயே திருத்தப் படிவம் வைத்திருக்கிறார்கள். கூகுளில் பயனருக்கு ஒரு படிவம் உண்டு. சேவை நிறுவனங்களுக்குத் தனி ஐஎஸ்பி தளம் உண்டு. ஒரு நெட்வொர்க்கை இணையத்தில் அடையாளம் காட்டும் ஏஎஸ் எண் நம்முடையதுதான் என்று உறுதியான பின் அதில் ஜியோஃபீட் முகவரியைக் கொடுக்கலாம்.

வங்கி விஷயத்தில் கிளை மேலாளரிடம் போய்ப் பேசிப் பயனில்லை. அவருக்கு இது என்னவென்றே தெரியாது. அது அவர் குற்றமும் இல்லை. அவர் மூலமாக வங்கியின் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினோம்: இருப்பிடத் தகவலை யாரிடம் வாங்குகிறீர்கள்? பதில் வந்தது. அந்த விற்பனையாளரிடம் நாங்கள் ஏற்கெனவே திருத்தியிருந்தோம். வங்கியிடம் இருந்தது பழைய பிரதி. புதிய பிரதியை அவர்கள் ஏற்றியதும் ஆசிரியருக்குக் கதவு திறந்தது. விற்பவர் வாராவாரம் புதுப்பித்தாலும், வாங்கியவர் இறக்கிக்கொள்ளாவிட்டால் நாம் செய்த திருத்தம் வழியிலேயே நின்றுவிடும்.

‘எல்லோரும் கைபேசியில் லொக்கேஷனை ஆன் செய்து வைத்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு யோசனை சுற்றியது. கைபேசித் தகவலைத் திரட்டுகிற நிறுவனத்திடம் அது எடுபடவும் கூடும். ஆனால் நம் கோளாறுக்காக வாடிக்கையாளரை நாளெல்லாம் தன் இருப்பிடத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கச் சொல்வது முறையில்லை. அந்தச் செய்தியை நிறுவனத்தின் பெயரில் அனுப்ப வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

திரும்பி வந்த சிங்கப்பூர்

படிவம் அனுப்பிய இடங்களில் பாதிக்குமேல் சீக்கிரமே மாறின. பெரிய தேடல் நிறுவனத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. முதலில் இந்தியா என்று மட்டும் வந்து, பிறகு தமிழ்நாடு வந்தது. வேலை முடிந்தது என்று வாடகைத் தொகுதியைப் பழையபடி வீடுகளுக்குத் திறந்துவிட்டோம். கொஞ்ச நாள் கழித்து, ஏற்கெனவே திருத்தியிருந்த ஒரு தகவல் விற்பனையாளரிடம் மட்டும் மறுபடியும் சிங்கப்பூர்.

காரணம் சொந்தக்காரரிடம் இருந்தது. அவரும் ஒரு ஜியோஃபீட் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அதில் எங்கள் /24 அடங்கிய பெரிய தொகுதி முழுவதும் சிங்கப்பூர் என்று ஒற்றை வரி. சிறிய பதிவு காட்டும் கோப்புக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. அந்த விற்பனையாளரின் நிரல் பெரிய தொகுதியின் கோப்பை எடுத்துக்கொண்டுவிட்டது. விற்பனையாளரோடு வாதாடுவதைவிடச் சொந்தக்காரரின் கோப்பில் எங்கள் தொகுதிக்குத் தனி வரி சேர்க்கச் சொல்வது எளிது. சேர்த்தார்கள், சரியானது. வாடகை முகவரி எடுத்தவர்கள் தங்கள் கோப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சொந்தக்காரரின் கோப்பையும் எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

ஓடிடி புகாரில் கடைசி மிச்சம் இருப்பிடமே அல்ல. முன்பு வாடகைக்கு இருந்தவர் அந்த முகவரிகளில் விபிஎன் நடத்தியிருப்பார் போல. ப்ராக்ஸி, அதாவது பிறருக்காக இடையில் நின்று கடத்தும் முகவரி, என்று முத்திரை விழுந்திருந்தது. அது வேறு பட்டியல், வேறு விண்ணப்பம். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால் இரண்டுமே நகராது.

இந்த ஊகங்களை மனிதர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு ஒரு சம்பவம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு. ஓர் ஐபி முகவரி அமெரிக்காவில் இருக்கிறது என்பதற்குமேல் எதுவும் தெரியாதபோது, மேக்ஸ்மைண்ட் நாட்டின் நடுவே ஒரு புள்ளியைக் கொடுத்துவந்தது. அந்தப் புள்ளி அந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடி முகவரிகளுக்குமேல் அங்கே குவிந்திருந்தது 2016-ல் செய்தியாயிற்று. பல ஆண்டுகளாகக் காவல் துறையும் மோசடியில் பணம் இழந்தவர்களும் அந்த வீட்டைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். செய்திக்குப் பிறகு அந்த நிறுவனம் புள்ளியை ஒரு நீர்நிலைக்கு மாற்றியது. சிஜிநாட் உள்ள இடத்தில் முகவரி, போர்ட், நேரம் மூன்றும் இல்லாமல் இன்ன வீடு என்று யாராலும் சொல்ல முடியாது. விசாரணைக்கு வருகிறவர்களிடம் நிறுவனத்தார் இதை விளக்கிச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது அடுத்த தொகுதி வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதை நாலைந்து இருப்பிட டேட்டாபேஸ்களிலும் ப்ராக்ஸிப் பட்டியல்களிலும் தேடிப் பார்த்தாயிற்று. தனிப் பதிவு, ஜியோஃபீட் வரி, தலைகீழ் டிஎன்எஸ், அந்த முகவரிகளை எங்கள் ஏஎஸ் எண் அறிவிக்கலாம் என்று சொல்லும் ஆர்ஓஏ சான்று ஆகியவற்றை இத்தனை நாளுக்குள் செய்து தர வேண்டும், அதுவரை வாடகை ஓடாது என்று ஒப்பந்தத்தில் கேட்டிருக்கிறோம். தரகர் மற்றதற்கெல்லாம் சம்மதித்துவிட்டார். வாடகை ஓடாது என்கிற வரியில்தான் இழுபறி நடக்கிறது.